ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் வைஃபை

எங்கள் வீட்டில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கீழச்சிவல்பட்டியில் இருக்கும் அந்த வீட்டை என் கணவரின் கொள்ளுத்தாத்தா கட்டினார். முகப்பு பொது, முற்றம் பொது, முற்றத்தைச் சுற்றி ஓடும் வளவு என்ற தாழ்வாரம் பொது, அதன் தூண்கள் பொது. வளவை ஒட்டி வரிசையாக இருக்கும் அறைகள் மட்டும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டவை. அந்த அறைகளையும் வீடு என்றுதான் சொல்வார்கள். கணவர் இறந்த பிறகு அவருடைய அறை எனக்கு வந்தது. மற்ற அறைகளில் பூட்டுத் தொங்குகிறது. சாவிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன.

நான் பத்திரிகையில் செய்தி திருத்துகிற மேசையில் உட்கார்ந்து காலம் கழித்தவள். நான் இருந்த பதிப்பை மூடியபோது சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன். ஊர்ப் பாசத்தில் வரவில்லை. எனக்குச் சொந்தமான இடம் பூமியில் இது ஒன்றுதான், அதனால் வந்தேன். ஓர் இணையச் செய்தித் தளம் வீட்டிலிருந்தபடியே வேலை கொடுத்தது. மதியம் தொடங்கி இரவுச் சாப்பாடு வரைக்கும் செய்திகள் வந்துகொண்டே இருக்கும், திருத்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டின் முன்பகுதியில் கொழுந்தனார் இருக்கிறார். கணவரின் சித்தப்பா மகன். முகப்பை ஒட்டிய அறைகளைச் சீர்செய்து சுற்றுலா வருபவர்களைத் தங்க வைக்கிறார். அவர்களுக்காகப் போட்ட இணைய இணைப்பின் கடவுச்சொல்லை நான் வந்த முதல் வாரமே தானாக வந்து கொடுத்தார். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. முற்றம் திறந்த முற்றம் என்பதால் முகப்பிலிருந்து வரும் அலை அதைக் கடந்து என் அறை வாசல் வரை எட்டிவிடும். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் என் மடிக்கணினி. அவ்வளவுதான் என் அலுவலகம்.

மடிக்கணினி பழசு. கீல் இறுகி, மூடியைத் திறந்தால் முனகும். ஆனால் விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. இந்த நிலையில்தான் அதில் இருந்த இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்று அறிவித்தது. புதிய பதிப்பை ஏற்கும் தகுதி என் கணினிக்கு இல்லை என்றும் திரையில் ஒரு வாசகம் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்துத் தகுதி இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கே ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

செய்தித் தளத்தின் ஆசிரியர் போனில் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சிறியவர், கறாரானவர், ஆனால் நியாயமானவர்.

"மேடம், வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து பழைய சிஸ்டத்தோட யாரும் உள்ள வர முடியாது. லினக்ஸ் போட்டாலும் சரி, புதுசு வாங்கினாலும் சரி. திங்கட்கிழமை நீங்க இல்லேன்னா உங்க இடத்துக்கு வேற ஆள் பார்க்கணும். நான் ஒளிச்சுப் பேசலை."

ஒளிக்காமல் பேசியதற்கு நன்றி சொன்னேன். லினக்ஸ் போட்டேன். நிறுவனங்கள் தரும் கூடுதல் கோப்புகள் எதுவும் இல்லாமல், பொதுவான கெர்னலோடு மட்டும் வரும் வகை. கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் ஒன்றோடொன்று பேச வைக்கும் அடிப்பகுதிதான் கெர்னல். எல்லாம் சரியாக வந்தது. திரை தெளிவாக இருந்தது, ஒலி கேட்டது, தமிழ் தட்டச்சு முன்னைவிட வேகமாக ஓடியது. வைஃபை மட்டும் இல்லை. அலை பலவீனமாக இருக்கிறது என்றாவது காட்டியிருக்கலாம். வைஃபை என்று ஓர் உறுப்பு இந்தக் கணினியில் இருந்ததே கிடையாது என்பது போல அந்த இடம் வெறுமையாக இருந்தது.

கம்பி வழியாக இணைப்பு எடுத்துவிடலாம் என்று கொழுந்தனாரிடம் போனேன். முகப்பிலிருந்து வளவுச் சுவரோரம் ஒரு கம்பி, அதைப் பிடித்து நிறுத்த நாலைந்து சின்ன ஆணி.

"அண்ணமிண்டி," என்றார். அண்ணன் மனைவியை எங்களுக்குள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒங்களுக்குத் தெரியாததா? ஒரு ஆணின்னாலும் எல்லாரையும் கேட்டுத்தான அடிக்கணும்."

"கேளுங்க தம்பி. நானும் கேக்கத்தான சொல்றேன்."

அடுத்த நாள் வந்து சொன்னார். "மெட்ராஸ்ல இருக்கிறவுக சரின்னுட்டாக. பினாங்கு அண்ணனுக்குச் செய்தி போட்டேன், பதிலே இல்ல. பதில் இல்லைன்னா சம்மதம் இல்லைன்னுதான அர்த்தம்?"

"ஆணி வேண்டாம், தரையிலேயே ஓரமா போட்டுக்கிறேன்."

"வளவுல வயரு கெடந்தா போட்டோ எடுக்க வாரவுகளுக்கு எப்படி இருக்கும்? அவுக இந்தத் தரையப் பாக்கத்தான வாராக."

"அப்ப நெட்டு இல்லாம நான் இங்க எப்படி வேலை பாக்குறது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

காரணம் இருந்தது. ஓர் ஓட்டல்காரர் முழு வீட்டையும் நீண்ட குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். முழு வீடு என்றால் ஆள் குடியிருக்காத வீடு. வரைபடத்தை எனக்கும் காட்டினார்கள். என் அறை இருந்த இடத்தில் எண்ணெய் மசாஜ் அறை என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடிப் பேசுவதாக ஏற்பாடு. குடியிருந்துகொண்டு உழைத்துச் சாப்பிடுகிற ஒருத்தியை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. ஆனால் இங்கே வேலை பார்க்க முடியவில்லை என்று அவளே சொல்லிவிட்டால்? நானே சொல்லிவிட்டேன், அதுவும் கொழுந்தனாரிடமே.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் வாராக," என்றார் போகும்போது. "அன்னைக்கு ஒங்க மிசினுல நெட்டு ஓடுச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். ஓடலைன்னா நீங்க மெட்ராஸ் போறதுதான் ஒங்களுக்கும் வசதி."

"ஓடும்," என்றேன். எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ் ஏறிக் காரைக்குடி போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் கடை. கடைக்காரர் கணினியைத் திறந்து திரையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார், சூடாக இருந்தது போல.

"லினக்ஸா? இதெல்லாம் காலேஜுப் பயலுக வச்சுக்கிட்டுத் திரிவானுக. ஒங்களுக்கு எதுக்கு ஆச்சி?"

"நானும் காலேஜுல படிச்சவதான்."

"அதுக்கில்ல ஆச்சி. ஓசியில கெடைக்கிறது இப்படித்தான் இருக்கும். வைஃபை கார்டு செத்துப்போச்சு."

"பாக்காமலே எப்படிச் சொல்றீக?"

"வயசாயிருச்சுல்ல," என்றார். கணினியைச் சொன்னார் என்றே எடுத்துக்கொண்டேன்.

யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கருவி ஒன்றைக் கொடுத்தார். சொருகினால் போதும் என்றார். அங்கேயே சொருகினேன். விளக்கு எரிந்தது, வேறு எதுவும் நடக்கவில்லை. அந்தக் கருவியை இயக்கும் நிரல் பொதுவான கெர்னலில் சேர்க்கப்படவே இல்லை என்பதைக் கடை வாசலில் நின்று போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். யாரோ எழுதிவைத்த நிரலை எடுத்து நாமே கட்டிக்கொள்ளலாம், கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்ட வேண்டும். கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். "புதுசு ஒண்ணு வாங்கிக்கிடுங்க ஆச்சி, நானே எல்லாம் போட்டுத் தாரேன்," என்று தெரு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று தோன்றியது. வைஃபை செத்துவிட்டது, தகுதி இல்லை, ஓசி, வயசு. இதுவரை கேட்டது எல்லாம் கருத்து. செய்தி ஒன்றுகூட இல்லை. சம்பந்தப்பட்ட தரப்பை யாருமே விசாரிக்கவில்லை. சம்பந்தப்பட்ட தரப்பு என் மடியில் இருந்தது.

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். கணினிக்குள் என்னென்ன உறுப்புகள் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று கேட்க ஒரு சின்னக் கட்டளை உண்டு. அடித்தேன். பட்டியலில் வைஃபை கார்டு இருந்தது, தயாரித்த நிறுவனத்தின் பெயரோடும் வகை எண்ணோடும். செத்தவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கலாம், இந்தப் பட்டியலில் இருக்காது. கார்டு உயிரோடுதான் இருந்தது.

அடுத்து, கெர்னல் கண் விழித்ததிலிருந்து தனக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகளைத் திறந்தேன். வரிக்கு வரி நேரத்தோடு, உணர்ச்சியே இல்லாத நடை. இவ்வளவு ஒழுங்கான நிருபர் எனக்கு வேலை பார்த்த காலம் முழுக்கக் கிடைத்ததில்லை. நடுவில் ஒரு வரி இருந்தது. கார்டைக் கண்டேன், அதற்கான இயக்கி என்னிடம் இருக்கிறது, கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் காணவில்லை. கோப்பின் பெயரையும் முழுதாக எழுதியிருந்தது. கெர்னல் பொதுச் சொத்து, அந்தக் கோப்பு தயாரித்த நிறுவனத்தின் சொத்து. அதனால் நான் போட்ட வகையில் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். காணாமல் போனது எது, எங்கே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கணினி முதல் நாளே எழுதிவைத்துவிட்டது. அதைப் படிக்காமல் நான் காரைக்குடிக்குப் பஸ் ஏறியிருக்கிறேன்.

கோப்பைப் போனில் இறக்கினேன். போனிலிருந்து கணினிக்குக் கம்பியில் மாற்ற முடியவில்லை. போனின் சார்ஜ் துளை தளர்ந்துபோய், சாய்த்து வைத்தால் சார்ஜ் மட்டும் ஏறும் நிலையில் இருந்தது. போனுக்குள் இருந்த மெமரி கார்டில் கோப்பைப் போட்டு, கார்டைக் கழற்றிக் கணினியின் பக்கவாட்டில் செருகி, சொன்ன இடத்தில் கோப்பை வைத்தேன். கணினியை அணைத்துப் போட்டேன்.

குறிப்பில் அந்தக் குறை போய்விட்டது. ஃபர்ம்வேர் ஏறியது என்று புது வரி வந்திருந்தது. திரையின் மூலையில் வைஃபைக்கான சின்னமும் வந்தது. அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு. அணைக்கப்பட்டுள்ளது என்றது. இயக்கு என்று அழுத்தினேன். கேட்கவில்லை. பலமுறை அழுத்தினேன். கேட்கவில்லை.

அதற்குள் இரவு போய்ச் சனிக்கிழமை காலை ஆகியிருந்தது. ஐப்பசி மழை முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் ஜமுக்காளங்களை எடுத்து உதறிக்கொண்டு என் பக்கம் பார்த்தார். "என்ன அண்ணமிண்டி, மிசினு என்ன சொல்லுது?"

"பேசிக்கிட்டு இருக்கு தம்பி. ஒங்க பினாங்கு அண்ணன் மாதிரி இல்ல."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மத்தியானம் முழுக்க நான் இயக்கியைச் சந்தேகப்பட்டேன், கோப்பின் பதிப்பைச் சந்தேகப்பட்டேன், கெர்னலையே சந்தேகப்பட்டேன். பழைய இயங்குதளத்தில் ஓடியது இதில் ஓடவில்லை என்றால் குற்றம் இதன் மேல்தானே என்று என் மூளை ஒரே தடத்தில் ஓடியது. கடைக்காரர் சொன்னதைத்தான் நானும் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழை விட்டபோது எனக்கும் புத்தி திரும்பியது. அலை ஏன் அணைந்திருக்கிறது என்று கேட்கவும் ஒரு கட்டளை இருந்தது. அடித்தேன். இரண்டே வரி பதில். மென்பொருள் தடை: இல்லை. வன்பொருள் தடை: ஆம்.

அதாவது, நான் தடுக்கவில்லை, வெளியே கையால் தொடக்கூடிய ஏதோ ஒன்று தடுக்கிறது என்கிறது கெர்னல். இந்த வகைக் கணினிகளில் வைஃபையை அணைக்கவும் போடவும் முன் விளிம்பில் நகத்தால் தள்ளுகிற ஒரு சின்னச் சுவிட்சு இருக்கும். வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. கணினியைத் தூக்கிப் பார்த்தேன்.

சுவிட்சு இருந்த இடத்தில் சந்தனம் இருந்தது.

ஆயுத பூஜைக்கு நானே வைத்தது. பத்திரிகை அலுவலகத்தில் அது பெரிய பூஜை. அச்சு இயந்திரத்தில் தொடங்கி, பார்சல் கட்டும் பலகை வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். திருத்துகிற மேசையில் இருக்கும் கணினிகளுக்கு நான்தான் வைப்பேன். அலுவலகம் போனாலும் பழக்கம் போகவில்லை. இந்த வருஷமும் என் ஒற்றை இயந்திரத்துக்கு நாலு மூலையிலும், முன் விளிம்பில் நடுவிலும் தாராளமாக வைத்தேன். விரலை அழுத்தித் தேய்த்தபோது சுவிட்சு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. அதன் மேலேயே சந்தனம் காய்ந்து, கல் மாதிரி இறுகி, அதை அந்த நிலையிலேயே பூட்டிவிட்டது. பூஜை முடிந்து கணினியை எடுத்த கையோடு, முன்பே பென் டிரைவில் இறக்கி வைத்திருந்ததைக் கொண்டு நான் இயங்குதளத்தை மாற்றினேன். ஆகவே பழி முழுதும் லினக்ஸின் மேல் விழுந்தது.

பிழை திருத்துகிறவர்கள் எல்லாரும் அறிந்த ஒன்று இது. ஒரே வரியில் இரண்டு பிழை இருந்தால் முதல் பிழையைப் பிடித்த சந்தோஷத்தில் இரண்டாவதைத் தாண்டிப் போய்விடுவோம்.

ஊசியால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, சுவிட்சை நகத்தால் தள்ளினேன். லேசாக ஒரு சத்தம். குறுக்குக் கோடு போயிற்று. அலைகளின் பட்டியல் இறங்கியது, முதலில் கொழுந்தனாருடையது. கடவுச்சொல்லைப் போட்டேன். செய்தித் தளத்தின் முகப்புப் பக்கம் திறந்தது. அதன் தலைப்பில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. இதைவிட நல்ல வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. கொழுந்தனாரிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளவில் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. கொழுந்தனார் குத்தகையைப் பற்றி விவரமாகச் சொன்னார், நன்றாகவே பேசினார். கூரை ஒழுகுகிறது, மரம் அரிக்கிறது, பராமரிக்க ஆள் இல்லை. எல்லாம் உண்மை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணமிண்டிக்கு இங்க வேலை பாக்க வசதி இல்ல. நான் சொல்லல, அவுகளே சொன்னாக. மத்த எல்லாருக்கும் சம்மதம். பினாங்கு அண்ணனுக்கும் செய்தி போட்டாச்சு. பதில் ஒண்ணும் வரல, அதனால மறுப்பு இல்லைன்னு எடுத்துக்கலாம்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். ஆணி அடிப்பதற்கு ஒரு மனிதரின் மௌனம் மறுப்பு. வீட்டையே கொடுப்பதற்கு அதே மனிதரின் அதே மௌனம் சம்மதம். ஒரே வாரத்தில், ஒரே வாயிலிருந்து. இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். சண்டையைவிடச் சுருக்கமான வழி என் மேசையில் இருந்தது.

மடிக்கணினியை எடுத்து வந்து ஒரு முக்காலியின் மேல் வைத்தேன். மூடி வழக்கம்போல முனகியது. "அவரையே கேட்டுருவோம்," என்றேன். கோயில் திருவிழாவுக்காகப் போன வருஷம் போனில் தொடங்கிய அரட்டைக் குழுவில் அவருடைய எண் இருந்தது. வீடியோவில் கூப்பிட்டேன். வளவு முழுக்க மணிச்சத்தம் கேட்டது.

படம் வந்தது. பனியனோடு ஒரு பெரியவர், பின்னால் ஒரு குளிர்பதனப் பெட்டி.

"யாரு? ஆச்சியா? நல்லா இருக்கீகளா? என்ன இது, பின்னாடி எல்லாரும் கூடியிருக்காக? என்ன விசேசம்?"

என்ன விசேசம் என்று அவர் கேட்ட பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கணினியைக் கொழுந்தனார் பக்கம் திருப்பினேன்.

"செய்தி போட்டேனே அண்ணே," என்றார்.

"எந்த நம்பருக்குப் போட்டே?"

சொன்னார்.

"அந்த நம்பர விட்டுப் போன வருசமே ஆச்சேப்பா. குழுவுல சொன்னேனே, ஒனக்குத் தெரியாதா?"

கொழுந்தனார் போனை எடுத்து எதையோ தேடினார். தெரிந்தே பழைய எண்ணுக்கு அனுப்பினாரா, தெரியாமல் அனுப்பினாரா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. உறுதி செய்ய முடியாததை எழுதுவது என் வழக்கம் இல்லை.

பினாங்குப் பெரியவர் குத்தகை விவரத்தை முழுதாகக் கேட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "தை மாசம் நேர்ல வாரேன், பேசிக்கிருவோம். அதுவரைக்கும் இருக்கிறவுக இருக்கட்டும்," என்றார். பிறகு கம்பி விஷயமும் வெளியே வந்தது, கோயம்புத்தூர்ப் பங்காளி சொல்லி. பெரியவருக்குச் சிரிப்பு. "ஒரு வயருக்கா இவ்வளவு? என் சம்மதம் உண்டு. நாலு ஆணி இல்ல, நாப்பது ஆணி அடிச்சுக்கட்டும்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். கொழுந்தனாரும் ஆட்டினார். அந்த வீட்டில் எல்லாரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டி நான் பார்த்தது அன்றுதான்.

"வேண்டாம்," என்றேன்.

கொழுந்தனார் நிமிர்ந்தார். "என்ன அண்ணமிண்டி, வாரம் பூரா கேட்டீக, இப்ப வேண்டாங்கிறீக?"

"எனக்குத்தான் வயரு இல்லாமலே ஓடுதே. ஒரு ஆணின்னாலும் எல்லாரும் சம்மதிக்கணும்னு சொன்னீகள்ல தம்பி, அது அப்படியே இருக்கட்டும். அதுல நானும் ஒருத்தி. ஆணிக்கே என்னையக் கேக்கணும்னா வீட்டுக்கும் என்னையக் கேக்கணும்ல."

அவர் பதில் சொல்லவில்லை. வாயே திறக்க மாட்டேன் என்று சொன்ன வாக்கை அந்த அளவுக்குக் காப்பாற்றினார். பினாங்குப் பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், படம் ஒரு நொடி உறைந்து நின்றது. எல்லாரும் என் பழைய மடிக்கணினியைப் பார்த்தார்கள். பிறகு படம் நகர்ந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.